நாட்டினம்: என் கையால் எழுதிய ஒரு சொல்

உயர் நீதிமன்றத்துக்கு அருகே தம்பு செட்டித் தெருவில், மாடியில் எங்கள் அலுவலகம். படிக்கட்டு குறுகல், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். வக்கீல் குமாஸ்தா. டைப் அடித்த பிரதிகளைச் செட்டாக அடுக்குவது, கேஸ் கட்டைத் தைப்பது, குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது, வழக்குக்கு நம்பர் ஆகும்வரை நீதிமன்ற அலுவலகத்தில் பிரிவு பிரிவாக நடப்பது, இவை என் வேலை. வாதாடுவது சீனியர். ஆனால் கட்சிக்காரர்கள் முதலில் அழுவது என் மேசையில்தான்.

குடியிருப்பது புழல் காவாங்கரைப் பக்கம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இலங்கைத் தமிழர் முகாம். 2021-இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அது இன்றும் 'கேம்ப்'. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து யாராவது மனு எழுத வருவார்கள். சாதிச் சான்று, உதவித்தொகை, பிறப்புச் சான்றில் எழுத்துப் பிழை என்று ஏதாவது இருக்கும். காசு வாங்குவதில்லை. அவர்கள் கொண்டுவரும் சீனிச்சம்பலை, அந்த இனிப்பும் காரமுமான வெங்காயத் தொக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மனம் வந்ததில்லை.

2024 மே மாதம் ஒரு ஞாயிறு, பழக்கப்பட்ட ஒரு பெண் தன் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாளிதழ்த் துண்டு ஒன்றை மேசையில் விரித்தார். திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வாக்களித்த செய்தி. முகாமில் இருந்துகொண்டு வாக்களித்த முதல் ஆள் என்று போட்டிருந்தது.

"அண்ணா, இவரும் மண்டபம் முகாமில் பிறந்தவர், நானும் மண்டபம் முகாமில் பிறந்தவள். இவருக்கு ஓட்டு இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை?"

எந்த வருடம் என்று கேட்டேன். 1985, தை மாதம். அவருடைய தாயும் தகப்பனும் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து நான்கு மாதம் கழித்து, மண்டபம் முகாமில் பிறந்திருக்கிறார். வாயில் வைத்த தேநீரைக் கீழே வைத்தேன். பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்தவர். ஒரு நாளும் நான் அந்த வருடத்தைக் கேட்டதில்லை.

பழைய காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் கோடு கிழித்து விளக்கினேன். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில், பிறப்பால் வரும் குடியுரிமைக்கு மூன்று காலம் உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. 1987 ஜூலை 1 முதல் பிறந்திருந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம். ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

மண்டபத்தில் 1986-இல் பிறந்த அந்தத் திருச்சிப் பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது இந்த முதல் கோட்டை வைத்துத்தான். அப்படியானால் என் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவும் பிறந்த நாளிலிருந்தே இந்தியர். முப்பத்தொன்பது வருடமாக முகாம் பதிவேட்டில் வெளிநாட்டவராகக் கையெழுத்துப் போட்டுவரும் இந்தியர்.

மகள் 2003 நவம்பரில் பிறந்தவள். தாய் குடிமகள், இரண்டாவது கோட்டுக்குள் வந்துவிட்டாள். மகன் 2006 செப்டம்பர். அவனுக்கு மூன்றாவது கோடு. தகப்பன் பெயின்டர், 1990-இல், பத்து வயதில், வவுனியாவிலிருந்து ஓடிவந்து படகில் இறங்கியவர். கையில் பாஸ்போர்ட் இல்லை. பத்து வயதுப் பையன் உயிருக்கு ஓடும்போது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டானா என்று சட்டம் இன்று கேட்கிறது. இல்லை என்றால் அவர் சட்டவிரோதக் குடியேறி. அதனால் அவருடைய மகன் வெளிநாட்டவன்.

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பத்தடி அறையில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இருவரில் அக்காள் இந்தியர், தம்பி இல்லை. நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையன் அக்காளைப் பார்த்துச் சொன்னான்: "இன்றைக்கு ராத்திரி நீ ஒரு வெளிநாட்டுக்காரனுக்குச் சோறு போடப்போகிறாய்." அவள் சிரித்தாள். தாய் அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

சீனியரிடம் மறுநாள் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்குப் பதினெட்டு எப்போது?" செப்டம்பர் 14. நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. சட்டத்தின் ஐந்தாவது பிரிவில், சிறப்புச் சூழ்நிலை இருந்தால் மைனர் எவரையும் குடிமகனாகப் பதிவுசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் உட்பிரிவு ஒன்று இருக்கிறது. மைனராக இருக்கும்வரைதான். பதினெட்டு நிறைந்த காலையில் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த மார்ச்சில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் வெளியாகியிருந்தன. 2019-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுகொள்கிறது; இலங்கை அதில் இல்லை. மேடைகளில் இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மாதம் பதினெட்டு முடிந்தது என்று எந்த மேடையிலும் யாரும் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. குமாஸ்தா புத்தி, தேதியைத்தான் பார்க்கும்.

ஆவணம் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். மேலே ஒரு ஜார்ஜெட் சேலை, அதற்குக் கீழே ரேஷன் அட்டைகள், முகாம் குடும்ப அட்டைகள். பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது கொடுக்காமல் 'தொலைந்துவிட்டது' என்று சொல்லி ஒளித்து வைத்தவை. நல்லவேளை பொய் சொன்னார். அடியில், சீனிப் பையில் சுற்றி, மண்டபத்தில் கொடுத்த பிறப்புச் சான்று. மடித்த இடங்களில் எல்லாம் கிழிந்து எட்டுத் துண்டாகி, பின்பக்கம் சோற்றுப் பசையால் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது. முத்திரையில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.

"எதற்கு அம்மா இத்தனை வருடம் இதை வைத்திருந்தீர்கள்?"

"ஊருக்குத் திரும்பிப் போகும்போது, பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தது என்று காட்ட வேண்டும் அல்லவா, தம்பி?"

அந்தப் பெட்டியிலேயே இன்னொரு தாளும் இருந்தது. 2009-இல் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் தலைமை ஆசிரியருக்குக் கொடுத்த மனுவின் நகல். 'நாட்டினம்: இலங்கை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'ல'வை இப்படிச் சுழித்து எழுதும் ஆள் காவாங்கரையில் நான் ஒருவன்தான்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. முகாமிலிருந்து வந்தார்கள், அதனால் இலங்கை. அன்று நான் எழுதியதைப் பார்த்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினார்கள். அதைப் பார்த்து மாற்றுச் சான்றிதழில். அதைப் பார்த்துக் கல்லூரியில். பிறப்பால் இந்தியரான ஒரு பெண்ணைப் பதினைந்து வருடம் காகிதத்தில் வெளிநாட்டவராக வைத்திருந்தது அரசு மட்டும் அல்ல. தாயிடம் சொன்னேன். "பரவாயில்லை அண்ணா, அன்றைக்கு எங்களைக் கேட்டிருந்தாலும் நாங்களும் அப்படித்தான் சொல்லியிருப்போம்" என்றார். அது ஆறுதலாக இல்லை.

எனக்கு இன்னொரு காரணத்தாலும் உறுத்தியது. என் தாத்தா ரங்கூனிலிருந்து 1960-களில் கப்பலில் வந்து இறங்கியவர். வியாசர்பாடியில் பர்மாத் தமிழர்களுக்கென்று அமைந்த குடியிருப்பில்தான் என் தகப்பனார் வளர்ந்தார். எங்களையும் ஊர் 'பர்மா அகதி' என்றே அழைத்தது. ஆனால் அரசுத் தாளில் தாத்தா 'தாயகம் திரும்பியோர்'. அந்த இரண்டு சொல்லுக்காக அவர் ஒரு வழக்கும் போடவில்லை, ஒரு மனுவும் எழுதவில்லை. பாட்டி அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்றார், தகப்பனார் துறைமுகத்தில் வேலைக்குப் போனார், நான் குமாஸ்தா ஆனேன். யாரும் என்னிடம் நாட்டினம் கேட்டதில்லை. அதனால்தான் அந்தக் கட்டத்தை அவ்வளவு அலட்சியமாக நிரப்பினேன் என்று நினைக்கிறேன்.

பையனுடைய விண்ணப்பம் லேசில் போகவில்லை. இணையப் படிவத்தில் வெளிநாட்டு பாஸ்போர்ட் எண் கேட்டது. நிரப்பாமல் அடுத்த பக்கம் வரவில்லை. புழல் ஏரியைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி, அதைத் தாண்டினால் ஒரு முறை திருப்பதி. அவன் பார்த்த வெளிநாடு அவ்வளவுதான். கடைசியில் தாளில் எழுதி, பாஸ்போர்ட் இல்லாத காரணத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாயைக் கொண்டு கொடுத்தோம்.

சீனியர் டிக்டேட் செய்தபோது சட்டத்தின் வரையறையை இரண்டு முறை உரக்கப் படித்தார். சட்டவிரோதக் குடியேறி என்றால், செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர். "நுழைந்தவர்" என்ற சொல்லில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இவன் ராயபுரத்தில் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவன். பிறந்தவன் எப்படி ஐயா நுழைவான்?" தகப்பனை என்ன சொன்னாலும் பையன்மேல் அந்தப் பட்டம் ஒட்டாது, எனவே அவனைப் பதிவுசெய்யத் தடை இல்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு. எனக்கு அந்த ஒரு வரிக்காகவே அவரிடம் இன்னும் இருபது வருடம் வேலை பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆட்சியர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, 'முகாம் ஆட்கள் விண்ணப்பிக்க முடியாது' என்று வாங்கவே மறுத்தார்கள். இரண்டாம் முறை அதிகாரி விடுப்பில். மூன்றாம் முறை யாரிடமும் பேசவில்லை. நேராகத் தபால் பிரிவுக்குப் போய் நகலில் முத்திரை கேட்டேன். தபால் பிரிவில் இருப்பவர் தாளைப் படிக்க மாட்டார், முத்திரை குத்துவார். குமாஸ்தாக்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இது. முத்திரைத் தேதி செப்டம்பர் 6. எட்டு நாள் மிச்சம். அன்று மாலையே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, டெல்லிக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். இது நடந்து ஓர் ஆண்டுக்கு மேலாகிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதைத் தகரப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

2025 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது: 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தங்கிப் பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. பெயின்டர் வேலை முடித்து, கையில் காயாத எனாமலோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். "இனி என்னைப் பிடிக்க மாட்டார்கள் அல்லவா?" மாட்டார்கள் என்றேன். "பையனுக்கு?" இது குடியுரிமை இல்லை, வேறு என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். கதவுப் பிடியில் பச்சைப் பெயின்ட் இன்னும் இருக்கிறது.

மகளுக்கு ரிட் மனு போட்டு, ஆணை வாங்கி, சென்ற மாதம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மறு வாரம் முகாமில் பெயர் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும் நாள். காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, நான் இன்றைக்குக் கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

சீனியரைக் கேட்டேன். போடாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போகும், பெயர் போனால் அந்த வீட்டில் இருக்கும் உரிமையைக் கேள்வி கேட்பார்கள், இப்போதைக்குப் போடச் சொல் என்றார். சொன்னேன். பாஸ்போர்ட்டை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் தம்பி.