சோழவந்தானைத் தாண்டியதா தண்ணீர்?

முன்னாள் மாணவர் சங்கத்தின் வட அமெரிக்கக் கிளை மலருக்குக் கல்லூரி நினைவுகளை எழுதச் சொன்னார்கள். ஹாஸ்டல் மெஸ், பரோட்டாக் கடை, திருப்பரங்குன்றம் மலை எல்லாவற்றையும் போன மலர்களிலேயே நம் ஆட்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு பாடம்தான். எண்பதுகளின் கடைசியில் எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டுக்கு கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் எடுத்த சார் நடத்தியது. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். எங்கள் செட்டுக்கு யாரென்று தெரியும், அது போதும்.

ரூட் லோகஸ், போடே ப்ளாட் எல்லாம் சீக்கிரமே முடிந்தன. அப்புறம் ஒருநாள் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை ஆரம்பித்தார். கரும்பலகையில் வைகை அணையிலிருந்து மதுரை வரை ஒரு கோடு. நடுவில் பேரணை, சோழவந்தான், துவரிமான் என்று மூன்று புள்ளிகள். "சித்ரா பௌர்ணமி அன்னைக்கு அழகர் ஆத்துல இறங்குறாரு. அதுக்குள்ள கோரிப்பாளையம் பக்கம் தண்ணி ஓடணும். அணையை எப்ப திறக்கணும், எவ்வளவு திறக்கணும்? சொல்லுங்கப்பா."

முன் பெஞ்சு ஆள் ஒருவன் தூரத்தை வேகத்தால் வகுத்தான். சுமார் 70 கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்றான். "அது குழாய்ல ஓடுற தண்ணிக்குடா. இது மணல்" என்றார் சார்.

கோடையில் வைகை எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்துவிட்ட தண்ணீரில் கணிசமான பங்கை மணல் குடித்துவிடும். முதலில் வேகமாகக் குடிக்கும், நனைய நனைய அந்த வேகம் குறைந்து ஓர் அளவில் நிற்கும். இதைச் சமன்பாடாக எழுதியவர் ஹார்ட்டன். ஆகவே முன்னால் வரும் தண்ணீர் தவழ்ந்து வரும். நனைந்த மணல் மேல் பின்னால் வருவது சீக்கிரம் வரும். கொஞ்சமாகத் திறந்தால் வழியிலேயே காணாமல் போகும். நிறையத் திறந்தாலோ, அது அக்னி நட்சத்திரத்துக்கு முன்பின்னான காலம், அணையில் இருப்பது மதுரையின் குடிதண்ணீர்.

ஆற்றில் வெள்ளம் நகர்வதைக் கணிக்க அமெரிக்காவில் 1930-களில் மஸ்கிங்கம் ஆற்றுக்காக உருவான முறை ஒன்று உண்டு. வருகிற நீர், போகிற நீர், இடையில் தேங்கும் நீர் மூன்றையும் இரண்டே எண்களால் இணைத்துவிடும்: தண்ணீர் கடக்க ஆகும் நேரம் ஒன்று, வரத்துக்கும் போக்குக்கும் தரும் எடை இன்னொன்று. நாங்கள் அதை அப்படியே வைகைக்குப் போட்டுக் காட்டினோம். சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா மஸ்கிங்கத்துல முதல்ல தண்ணி இருந்துச்சு." அந்த ஆறு ஓடும் ஒஹையோ மாநிலத்தில் பின்னாளில் நான் குடியேறியதும், முதல் முறை சேன்ஸ்வில் பாலத்தில் நின்று அதைப் பார்த்தபோது அவர் சொன்னதற்குச் சிரித்ததும் வேறு கதை.

விஷயம் என்னவென்றால், மணல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. 70 கிலோமீட்டருக்கும் குழி தோண்டிப் பார்க்கவா முடியும்? ஆனால் பேரணையில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு காவலாளி சொல்ல முடியும். நம் கணக்கு சொன்னதைவிடத் தாமதமாக வந்திருந்தால், நாம் நினைத்ததைவிட மணல் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த எண்ணைத் திருத்தி, சோழவந்தானுக்கு மறுபடி கணக்குப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை ஊகித்து, அதை வைத்து அடுத்ததைச் சொல்வது. கால்மன் ஃபில்டரை, அந்தப் பெயரைச் சொல்லாமலே சார் எங்களுக்கு நடத்தி முடித்துவிட்டிருந்தார்.

சரி, எவ்வளவு திருத்துவது? காவலாளியும் பழைய குட்டையைப் பார்த்துவிட்டு 'வந்துடுச்சு' என்று சொல்லலாமே. இதற்குச் சார் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சமையல்காரர் ஒரு கணக்கு சொல்வார், எச்சில் இலையை எண்ணியவர் ஒரு கணக்கு சொல்வார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவதில் பயனில்லை. யார் எவ்வளவு தப்பாகச் சொல்லக்கூடியவர் என்று பார்த்து, அதற்கேற்ற எடை போட்டுக் கலக்க வேண்டும். அந்த எடைதான் கால்மன் கெயின். பிழை குறைந்தவருக்கு எடை அதிகம்.

ருடால்ஃப் கால்மன் இதை எழுதிய ஆண்டு 1960. எலெக்ட்ரிக்கல் படித்தவர், மெக்கானிக்கல்காரர்களின் இதழில் வெளியிட்டார். (மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த வரியை ஃபார்வர்டு செய்வார்கள் என்று தெரியும், செய்துகொள்ளுங்கள்.) நாசாவில் ஸ்டான்லி ஷ்மிட் அதை வளைந்த பாதைகளுக்கும் பொருந்தும்படி விரிக்க, அப்போலோ நிலவுக்குப் போகும் வழியைக் கணக்கிட அது உதவியது. வேர் இன்னும் பழையது. 1801 ஜனவரி 1 அன்று வானியலாளர் பியாஸி கண்ட சீரிஸ் என்ற குறுங்கோள் சில வாரங்களிலேயே சூரிய ஒளியில் மறைந்தது. கையில் இருந்த கொஞ்சம் அளவீடுகளை வைத்து கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டார். ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய அவர் சொன்ன இடத்திலேயே அது மறுபடி அகப்பட்டது.

இந்த வைகைக் கணக்குக்கு நாங்கள் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல் நினைவிருக்கிறதா? ஓடியது. சார் விடை என்ன என்று கேட்கவில்லை. "கூடக் குறைய எத்தனை மணி நேரம்?" என்றுதான் கேட்டார். அதைச் சொல்லாதவனுக்கு மார்க் கிடையாது. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் செழிப்பு என்று ஊரே சொல்லுமே, அதையும் விடவில்லை: "அதுவும் கணிப்புதான்ப்பா. பிழை எவ்வளவுன்னு மட்டும் சொல்றதில்லை." எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் சித்திரையில் பந்தயம் உண்டு. சோழவந்தான்காரன் ஒருவன் பாலத்தில் நின்று படம் அனுப்புவான். கூடக்குறைய போடாத பந்தயம் செல்லாது.

இப்போது என் பிழைப்பே இதுதான், ஆற்றுக்குப் பதில் மின்தொடர் (கிரிட்). 1970-ல் ஃபிரெட் ஷ்வெப்பே மின்தொடருக்கு நிலை மதிப்பீட்டை, அதாவது மீட்டர் அளவுகளிலிருந்து உண்மை நிலையை ஊகிக்கும் கணக்கை, கொண்டுவந்தார். ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் மின்னழுத்தம் எவ்வளவு, அதன் கோணம் எவ்வளவு என்பதுதான் தெரிய வேண்டியது. மீட்டர்களில் சில பொய் சொல்லும். தேவைக்கு மேல் மீட்டர்கள் இருந்தால், மற்றவற்றோடு ஒத்துப்போகாததைப் பிடித்துவிடலாம். ஆனால் எந்த லைன் இயங்குகிறது என்ற வரைபடமே தப்பாக இருந்தால்?

2003 ஆகஸ்ட் 14 அன்று அதுதான் நடந்தது. துண்டிக்கப்பட்டுவிட்ட ஒரு லைன் மதிப்பீட்டு மென்பொருளுக்குள் இன்னும் இயங்குவதாகவே இருந்தது, கணக்கு ஒத்துவரவில்லை. சரிபார்த்தவர், 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓட வைக்கும் அமைப்பை நிறுத்திவிட்டுத் திருத்தினார். திரும்ப ஓடவிட மறந்துபோனார். இது ஒன்றே காரணமில்லை. ஒஹையோவில் மரத்தில் உரசித் துண்டிக்கப்பட்ட லைன்களும், வேறொரு கட்டுப்பாட்டு அறையில் அலாரம் வேலை செய்யாததும் சேர்ந்துகொண்டன. மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. இங்கே புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். சமன்பாடு எல்லோருக்கும் வருகிறது. வரைபடத்தைச் சந்தேகப்படத்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

2012 ஜூலைக் கடைசியில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் 60 கோடிக்கும் மேற்பட்டோர் இருளில் இருந்தபோது, தென்னக மின்தொடர் அவர்களோடு ஒத்திசைவாக இணைக்கப்படாததால் மதுரை தப்பித்தது. தப்பித்தது என்று சொன்னால் வீட்டில் அடிப்பார்கள். அந்த வருஷம் நம் ஊரில் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்ட செய்தி இங்கேயும் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. அட்டைகளைக் காற்று கரைக்கே தள்ளிவிட்டது. நான் சாருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் குரலில் மாற்றமில்லை. சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"ஆவியாகுறதைக் குறைக்கணும்னு நினைச்சதுல தப்பில்லப்பா. பென்மன் 1948-லயே எழுதிட்டாரே, வெயில் பாதி, காத்து பாதின்னு. காத்தை விட்டுட்டாங்க" என்றார். பிறகு, "அது சரி, ஆவியாகுறது எவ்வளவுன்னு நீ போட்டுப் பாத்தியா?"

திறந்த தொட்டியில் ஆவியாகும் அளவை 0.7-ஆல் பெருக்கி நீர்த்தேக்கத்துக்குக் கணக்கிடுவார்கள், அந்த வழக்கப்படி போட்டேன் என்று ஓர் எண்ணைச் சொன்னேன்.

"கூடக் குறைய?" என்றார்.