பத்தாம் நாள் தட்டு

பால் பரிசோதனைக் கூடமொன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் சேர்ந்த புதிதில், எனக்குப் பொறுமையைச் சோதித்த வேலை குளிரில் வளரும் பாக்டீரியாக்களை எண்ணுவதுதான். மொத்த பாக்டீரியா எண்ணிக்கைக்கான, பால் மாதிரி கலந்த ஊட்டக்கூழ்த் தட்டுகள் 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாளில் முடிவைச் சொல்லிவிடும். இவற்றையோ 7 டிகிரியில் பத்து நாள் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆறாம் நாளில் ஒன்றுமில்லாததுபோல் தோன்றிய ஒரு தட்டைப் பத்தாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனையளவு தொடங்கிக் கடுகளவு வரை, ஈரப் பளபளப்போடு நூற்றுக்கும் மேற்பட்ட காலனிகள், அதாவது பாக்டீரியாக்கள் பெருகித் திரண்ட புள்ளிகள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் ஏறக்குறைய இதே குளிரில்தானே இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டரைசேஷனில் சூடோமோனாஸ் போன்ற குளிரில் வளரும் பாக்டீரியாக்கள் மடிந்துவிட்டாலும், நிரப்பும் இயந்திரத்திலிருந்தோ, திறந்தபின் நம் கையிலிருந்தும் கரண்டியிலிருந்துமோ அவை மீண்டும் பாலுக்குள் வந்துசேர்கின்றன. கசப்பும் கெட்ட வாடையும் பெரும்பாலும் இவற்றின் வேலை. இவை பாலைக் கெடுத்தாலும் ஆளைப் படுக்கவைப்பது அரிது என்பதால், எனக்கு இவற்றைப் பற்றி அதிகக் கவலை இல்லை.

என் கவலையெல்லாம் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற நோய்க்கிருமியைப் பற்றியது. பாஸ்டரைசேஷனில் அதுவும் அழிந்துவிடும். ஆனால் காய்ச்சாத பச்சைப் பால் வழியாகவோ பின்னால் நேரும் மாசு வழியாகவோ வந்துவிட்டால், உறைநிலையை ஒட்டிய குளிரிலும் அது பெருகும், அப்போதும் பாலின் மணமோ சுவையோ மாறியாக வேண்டுமென்பதில்லை. கருவுற்ற பெண்ணுக்கு லேசான காய்ச்சலாக வந்து போய், கருவையே கலைத்துவிடக்கூடிய நோய் அது. அறிகுறி தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், அன்று குடித்த பாலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முகர்ந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று தீர்மானிக்கும் பழக்கத்தை நான் அறவே விட்டதற்கு இதுவே காரணம்.

"அதுதான் காய்ச்சிவிட்டோமே, இனி என்ன?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். காய்ச்சியதும் லிஸ்டீரியா செத்துவிடும். பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் வித்துகள், அதாவது வெப்பத்தைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவங்கள், சாவதில்லை. காய்ச்சிய பால் பாத்திரத்திலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால், போட்டிக்கு வேறு நுண்ணுயிர் அதிகமில்லாத அந்தப் பாலில் வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. சில வகைகள் உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நஞ்சு மறுபடி காய்ச்சினாலும் அழியாது. ஆகவே, காய்ச்சியதைவிட, காய்ச்சியபின் எவ்வளவு விரைவாக ஆறவைத்தோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது அம்மா பாலை அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறார்.

வெப்பநிலையைத் தானாகப் பதிவுசெய்யும் சிறு கருவி ஒன்றை ஒருமுறை வீட்டுக்கு எடுத்துவந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் பாலுக்குப் பக்கத்தில் ஒருநாள் முழுதும் வைத்தேன். பாலை 5 டிகிரிக்கு மேல் விடக்கூடாது என்று பரிசோதனைக் கூடத்தில் ஓயாமல் சொல்பவள் நான். காலைச் சமையல் நேரத்தில், கதவு திறக்கத் திறக்க, கருவியின் கோடு 10 டிகிரியைத் தொட்டிருந்தது. மூடியபின் பழைய நிலைக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே கருவியை மறுநாள் நடுத் தட்டின் பின்பக்கத்தில் வைத்தபோது கோடு 4 டிகிரியை ஒட்டியே ஓடியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் இருக்கும் இடம் அதுதான்; கதவுத் தட்டில் தண்ணீர்ப் புட்டிகள் நிற்கின்றன.