துப்பாக்கியை விட பிஸ்கட் டப்பாதான் அலைய வைத்தது

அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது ஒருவழியாக நடந்துவிட்டது. என்னை ஐந்து மாதங்கள் அலைக்கழித்தது, குதிருக்குப் பின்னால் அவர் வைத்துவிட்டுப் போன ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

எங்கள் நிலம் தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டியது. அப்பாவின் உரிமம் ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டக் காலத்தில் வழங்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு புதுப்பித்தல் எல்லாம் இங்கேயே நடந்தது. அவர் இறந்த வாரத்திலேயே துப்பாக்கியையும் மிச்சமிருந்த 9 தோட்டாக்களையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிறகு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென இருக்கும் 25ஆவது விதியின்படி விண்ணப்பித்தேன். வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை ஆகியவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் ஒரு கழித்தல் கணக்கில் தொடங்கியது. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்த எழுத்தர், அப்பாவின் பழைய உரிமப் புத்தகத்தில் கடைசியாக 25 தோட்டாக்கள் வாங்கியதாகப் பதிவு இருப்பதையும், காவல் நிலைய ரசீதில் 9 மட்டுமே இருப்பதையும் சுட்டிக்காட்டி, மீதி 16 எங்கே என்று கேட்டார். பன்றி விரட்ட வானத்தை நோக்கிச் சுட்டிருப்பார் என்றேன். “அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?” என்றார். பழைய பதிவேடு தருமபுரியில் இருக்கும், போய் நகல் வாங்கி வாருங்கள் என்றும் சொன்னார். போனேன். மாவட்டம் பிரிந்தபோதே அந்தக் கோப்புகளும் பிரிந்து போய்விட்டதாக அங்கே பொறுமையாக விளக்கினார்கள். ஒரு நாளும் பேருந்துக் கட்டணமும் வீணாயின. என்னை அனுப்பியவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்குக்காக வீட்டைத் துழாவியபோதுதான் டப்பா கிடைத்தது. உள்ளே 14 காலித் தோட்டாக்கள், ஒரு பொட்டலம் ஈய ரவை, தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் சிறிய கேப்புகள், காகிதத்தில் மடித்த கொஞ்சம் கரிமருந்து, காலித் தோட்டாவைத் திரும்ப நிரப்பும் ஒரு கைக்கருவி. அப்பா எப்போதாவது நிரப்பினாரா, யாராவது கொடுத்துவிட்டுப் போனதா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

எழுத்தரிடம் தொலைபேசியில் சொன்னேன். “காலித் தோட்டாதானே, ஆற்றில் போட்டுவிடுங்கள்” என்றார். நல்லவேளை, போடவில்லை. ஓசூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் விஷயத்தின் ஆழம் புரிந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் உதிரிப் பாகங்களையும் அதைச் செய்யும் கருவிகளையும் சேர்த்தே ‘அம்யூனிஷன்’, அதாவது தோட்டா வகை, என்று வரையறுக்கிறது. 45ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: சிறு பாகங்களை மட்டும் வைத்திருப்பவருக்கு, அவரிடமோ வேறொருவரிடமோ இருக்கும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாவிட்டால், அது குற்றமாகாது. தனியாக ஒரு காலித் தோட்டா அலமாரியில் கிடந்தால் அது பித்தளைத் துண்டு. எங்கள் டப்பாவிலோ உறை, கேப்பு, மருந்து, ரவை, கருவி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. “இதை விலக்கு என்று வாதாடலாம், ஆனால் வாதாடும் நிலைக்கே போகாதீர்கள்” என்றார் அவர். உரிமம் உள்ளவருக்கும், தோட்டாவைத் தாமே நிரப்பும் உரிமை அந்த உரிமத்தோடு சேர்ந்து வருவதில்லை. தயாரிப்புக்கு 5ஆவது பிரிவின்கீழ் தனி உரிமம் வேண்டும். என்னிடமோ அப்போது எந்த உரிமமும் இல்லை.

அடுத்த தவறு என்னுடையது. சேலத்தில் ஓர் ஆயுத வணிகர் வாங்கிக்கொள்வார் என்று யாரோ சொன்னதை நம்பி, படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பழைய கேப்பையும் உதிரி மருந்தையும் தொடவே மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். படத்தோடு போனது புத்திசாலித்தனம் என்று மட்டும் பாராட்டினார். டப்பாவையே பேருந்தில் எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

காவல் நிலையத்துக்கும் நான் டப்பாவை எடுத்துச் செல்லவில்லை. எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கண்டெடுத்தேன் என்பதை எழுதி, பொருள்களை எண்ணிக்கையோடு குறிப்பிட்டு, இரண்டு படிகளில் மனு கொடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கினேன். வழக்கு வரும் என்று முதலில் பயமுறுத்திய காவல் நிலைய ரைட்டர், மனுவைப் படித்த ஆய்வாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னதும் குரலை இறக்கினார். வந்தவர்கள் மகஜர் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) எழுதி எடுத்துச் சென்றார்கள். ‘தோட்டா முதலியன’ என்று ரசீதில் எழுதப் போனபோது, ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு எழுதும்படி கேட்டு நின்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. இதே நிலையில் இருப்பவர்கள் அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஏனென்றால், அந்த 14 காலித் தோட்டாக்கள்தான் எழுத்தரின் கணக்குக்கு விடையாக அமைந்தன. ஆற்றில் போடச் சொன்னவரிடமே அந்த ரசீதை நீட்டியபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. குறைந்த இரண்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார், கொடுத்தேன். அடுத்த மாதம் 5 ஆண்டுகளுக்கான உரிமம் வந்தது.

துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சென்ற அன்று, டப்பாவையாவது கொடுங்கள், அம்மா கேட்கிறார் என்றேன். ரைட்டர் மகஜரைப் புரட்டிக் கடைசி வரியைக் காட்டினார். ‘பிஸ்கட் டப்பா - 1’ என்று அதையும் எழுதியிருந்தார்கள்.