நனைமோவில் ஒரு வில்லங்கம்

பெயரைக் கேட்டபோதே உஷாராகியிருக்க வேண்டும். கனடாவின் வான்கூவர் தீவில் இருக்கும் நனைமோவில் நாங்கள் வந்து இறங்கிய நவம்பர் முழுக்க ஒரே மழை. ஆறு வருடம் வாடகையில் ஓட்டிவிட்டு, அதே ஊரில் வெலிங்டன் பக்கம் ஒரு பழைய வீட்டைக் கடனில் வாங்கினோம். பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்த வக்கீல் ஒரு வரியில் பேனாவை வைத்தார். எஸ்குவைமால்ட் – நனைமோ ரயில்வே கம்பெனிக்கு இந்த நிலத்தில் சில உரிமைகள் உண்டாம். பகீரென்றது. ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்து இப்படி வந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்போம். அவரோ, "இந்தப் பக்கம் நிறையப் பத்திரங்களில் இது இருக்கும்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

யார் வைத்த வில்லங்கம் என்று தேடியபோது அகப்பட்டவர் ராபர்ட் டன்ஸ்மியூர். 1850 டிசம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து கர்ப்பிணி மனைவியோடு கப்பலேறி, ஒப்பந்தத்தில் கரி வெட்ட வந்தவர். மகன் ஜேம்ஸ் வழியிலேயே பிறந்தான். அப்புறம் சுரங்க மேலாளர். 1869இல் வெலிங்டனில் நல்ல கரிப்படுகை கண்ணில் பட, முதலாளி. 1882இல் நனைமோவின் சட்டமன்ற உறுப்பினர். மறுவருடமே தீவில் ரயில் போடும் ஒப்பந்தம் கைக்கு வந்தது. கூலியாக 7,50,000 டாலர், கூடவே சுமார் 20 லட்சம் ஏக்கர், அடியிலிருக்கும் கரியோடு சேர்த்து! சட்டமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே இதை வாங்கியிருக்கிறார். எனக்கு இது திறமையாகத் தெரியவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருடம் இருந்த அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். கதை முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஸ்ட்ரைக் வந்துச்சா?"

வந்தது. 1877இல் வேலையை நிறுத்தியவர்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து கிளப்ப ராணுவம் இறங்கியது.

மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் டன்ஸ்மியூர் கட்டிய கிரெய்க்டாராக் மாளிகைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். 39 அறைகள். கட்டி முடிவதற்குள், 1889இல், அவர் இறந்துவிட்டார். மகன் ஜேம்ஸ் 1900இல் மாகாண முதல்வரே ஆனார். அப்பா மரப் படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "நல்லா இழைச்சிருக்கான்" என்றார், தச்சனை.

மறுநாள் காலை தக்காளிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, கரி வந்தா யாருக்கு?"

"ஒரு அடி போதும்ப்பா" என்றேன்.