பதினெட்டரை நியூட்ரான்

ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் குளோரினின் அணு எண் 17, அணு நிறை 35.5 என்று கொடுத்து, நியூட்ரான் எத்தனை என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் 18.5 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் 18.5. பத்துத் தாள் தாண்டிய பிறகுதான் உறைத்தது. நிறையிலிருந்து அணு எண்ணைக் கழி என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பிள்ளைகள் சரியாகவே கழித்திருந்தார்கள். கேள்விதான் தப்பு. எல்லாருக்கும் மதிப்பெண் போட்டேன்.

வாலிநோக்கம் பக்கம், கடலும் உப்பளமும் ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. மறுநாள் வகுப்பில் நண்டுக் கணக்குப் போட்டோம். மூன்று நண்டு 350 கிராம், ஒன்று மட்டும் 370 கிராம். சராசரி 355. "355 கிராம் நண்டு எங்க இருக்கு?" என்றேன். "அப்படி ஒண்ணு இல்லவே இல்ல சார்" என்றார்கள். குளோரினின் 35.5-உம் அப்படி ஒரு சராசரிதான். ஏறக்குறைய நான்கில் மூன்று அணுக்களில் 18 நியூட்ரான், நிறை எண் 35. மீதியில் 20 நியூட்ரான், நிறை எண் 37. இரண்டிலும் புரோட்டான் 17 என்பதால் இரண்டுமே குளோரின். ஐசோடோப்பு என்ற சொல்லை அதற்கப்புறம்தான் கரும்பலகையில் எழுதினேன். முன்பெல்லாம் அந்தச் சொல்லில்தான் பாடத்தையே தொடங்குவேன்.

அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். "சோடியம் தண்ணீல பட்டா தீப்பிடிக்கும், குளோரின் விஷம்னு சொன்னீங்க. எங்கம்மா நாள் பூரா அது ரெண்டும் சேர்ந்த உப்புலதானே சார் நிக்கிறாங்க?"

இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அது. சோடியத்தில் 11 எலக்ட்ரான், 2, 8, 1 என்ற அடுக்கில். கடைசி ஒன்று போனால் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. அணு நேர்மின் அயனியாகிறது, அதாவது மின்னூட்டம் கொண்ட அணுவாகிறது. குளோரின் 2, 8, 7. ஒன்றை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிறது. உப்பில் இருப்பவை இந்த அயனிகள். தீப்பிடிக்கும் குணமும் போய்விட்டது, விஷமும் போய்விட்டது. இரண்டு நியூட்ரான் கூடினாலும் குளோரின் நடந்துகொள்வது ஏறக்குறைய மாறுவதில்லை. ஒரு எலக்ட்ரான் இடம் மாறினால் பொருளே வேறாகிவிடுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சொன்னால் மட்டும் போதுமா? ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி. விளக்கு, நடுவில் ஒரு ரெசிஸ்டர், பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி இரண்டு. காய்ந்த உப்பில் குச்சிகளைக் குத்தினோம், விளக்கு எரியவில்லை. அயனிகள் கட்டிப்போட்டது போல அடுக்கி நிற்கின்றன. ஒரு பையன் பாட்டிலில் கொண்டுவந்திருந்த உப்பளப் பாத்தித் தண்ணீரில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

அந்தப் பெண் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தித் தண்ணியோட அடர்த்தி 25 டிகிரி வந்தா உப்பு விழும்னு அம்மா சொல்லும். அதுவரைக்கும் ரெண்டும் தனித்தனியாத்தான் அலையுமா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.