தெரிந்திருக்க வேண்டும்

"அவருக்குத் தெரிந்திருக்குமா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். "தெரிந்திருக்க வேண்டும்" என்றேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் எண்ணெய் படிந்த துணி. பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கார்களை மதிப்பிடுவது என் தொழில். அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுத்தில் கொடுத்த அறிக்கையை எத்தனையோ முறை திறந்து பார்த்துவிட்டேன். அதில் மாற்ற ஒரு வரிகூட இல்லை. வாயால் சொன்ன அந்த இரண்டு சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

வண்டி 1977 மாடல் போர்ஷே 911 டர்போ, 3.0 லிட்டர். 1974 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான அந்த முதல் வடிவத்தின் கடைசி ஆண்டு. 260 குதிரைத்திறன், நான்கே கியர், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. அடுத்த ஆண்டே இன்டர்கூலரோடு 3.3 லிட்டர் வந்துவிட்டதால், 3.0 மொத்தமே மூவாயிரத்துக்குக் கீழேதான் தயாரானது. சேகரிப்பவர்கள் இதைத் தேடுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதை ஓட்டியவர்களுக்குத்தான் புரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. டர்போ சுழன்று காற்றழுத்தம் ஏறும்வரை வண்டி சாதுவாகப் போகும். அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு வேகம். திருப்பத்தின் நடுவில் அந்த வேகம் வந்து, பயந்து காலை எடுத்தால், இன்ஜினின் பாரமெல்லாம் பின்னால் இருப்பதால் வால் சுழன்று முன்னே வந்துவிடும். பலர் அப்படி மரத்தில் மோதியிருக்கிறார்கள்.

"திருப்பத்தில் காலை எடுக்காதே." பெரியவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய நண்பர். 1994-இல் இந்த வண்டியை அவருக்கு விற்றவரும் அவர்தான். அந்த நண்பர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இருவரும் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் இந்த வண்டியில் சாய்ந்து நிற்கும் படம் ஷெட் சுவரில் மாட்டியிருந்தது. நான் உள்ளே வந்ததும் வண்டியைக் காட்டுவதற்கு முன்பே அந்தப் படத்தைத்தான் காட்டினார். "முதல் சொந்தக்காரர் அவர், இரண்டாவது நான். பூட்டிலிருந்து இன்ஜின்வரை எல்லாம் பிறந்தபடியே இருக்கிறது."

என்னைக் கூப்பிட்டது காப்பீட்டுக்கான குறு மதிப்பீட்டுக்கு. வண்டியைப் பார்த்து, படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் போட்டு (ஒன்றுதான் உயர்ந்தது), சந்தை மதிப்பை எழுதினால் போதும். இன்ஜின் எண்ணைச் சோதிப்பது அந்த வேலையில் சேராது. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அன்று பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி எல்லாப் பக்கமும் 110, 130 மைக்ரான் என்றே காட்டியது, அதாவது மேலே மறுபடி பெயின்ட் அடித்த அடையாளம் இல்லை. நாற்பத்தைந்து ஆண்டு பழைய வண்டியில் அது அபூர்வம். கதவு இடைவெளிகள் அத்தனையும் நேராக இருந்தன. மனசுக்குள் தரம் 2 என்று முடிவு செய்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், முழுதாகப் பார்த்துவிடலாமே என்று பின்மூடியைத் தூக்கி, குளிர்விக்கும் விசிறிக்கு வலப்பக்கம் கிராங்க்கேஸில், அதாவது இன்ஜினின் உலோகக் கூட்டில், எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தேன்.

எண் சரியாகத்தான் இருந்தது. பழைய ஆவணத்தில் இருந்த அதே இலக்கங்கள். ஆனால் அந்த உலோகம் வேறு. தொழிற்சாலையில் சீவிய பரப்பில் ஒரே சீரான கோடுகள் இருக்கும். இங்கே கையால் தேய்த்த வழவழப்பு. இலக்கங்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, ஒரே ஆழமில்லாமல் பதிந்திருந்தன. வேறொரு கிராங்க்கேஸில் யாரோ பழைய எண்ணை அடித்திருக்கிறார்கள்.

துடைக்காமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. அப்புறம், கண்டதை மறைக்காமல் சொன்னது சரிதான் என்றும் தோன்றுகிறது. நாளை அவர் பிள்ளைகள் இந்த வண்டியை விற்கும்போது வாங்குகிறவனின் ஆள் அதே இடத்தைத் துடைப்பான். அப்போது பொய்காரர் பட்டம் இவருக்கு வரும். அதனால்தான் காட்டினேன். மதிப்பில் கால் பங்கைக் குறைத்தேன். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்தத் தொழிலில் நான் பார்த்த அடித்த எண்கள் எல்லாமே பணத்துக்காக அடித்தவை. விற்றவருக்குத் தெரியாமல் இருந்த ஒரு வண்டியையும் நான் கண்டதில்லை. முதல் சொந்தக்காரர் அவரே என்றால் வேறு யார்? கணக்கு நேராக வந்தது, சொல்லிவிட்டேன்.

அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது, "எண் மாற்றப்பட்ட காலமும் மாற்றியவரும் நிர்ணயிக்கப்படவில்லை" என்று எழுதினேன். வழக்கமாக எழுதும் வரிதான். எழுதும்போது கை தடுமாறவில்லை. மூன்று மணி நேரம் முன்பு ஷெட்டில் நிர்ணயித்து முடித்தவன் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்கு வந்தது பல மாதம் கழித்து, வேறொரு வண்டிக்காகப் பழைய விலைகளைத் தேடியபோது. 1994-இல் இந்த டர்போக்களுக்கு மதிப்பே இல்லை. எரிபொருள் குடிக்கும், பராமரிப்புக்குக் காசைக் கரைக்கும் பழைய வண்டி, அவ்வளவுதான். 2000-களின் தொடக்கத்தில்கூட புதிதாக ஒரு நல்ல குடும்பக் கார் வாங்கும் காசுக்கு இது கிடைத்தது. 2014, 2015-இல்தான் லட்சம் யூரோவை எல்லாம் தாண்டி ஏறியது. பிறந்த இன்ஜினா என்று எல்லோரும் கேட்கத் தொடங்கியதும் அந்த ஏற்றத்தோடுதான். 1994-இல் நண்பனுக்கு மலிவாக விற்கும் ஒருவர் எதற்கு உட்கார்ந்து எண்ணைத் தேய்த்து அடிக்க வேண்டும்?

உடனே அந்த வண்டியின் கோப்பைத் திறந்தேன். நான் எடுத்த படங்களில் ஒன்று 2012-ஆம் ஆண்டு பட்டறை ரசீது. இன்ஜினைப் பிரித்துக் கட்டிய பெரிய ரசீது. அன்று அதன் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து, நல்ல பராமரிப்பு என்று குறித்துக்கொண்டேன். நடுவில் "கிராங்க்கேஸ் வேலை" என்று ஒரு வரி, பாகத்தின் எண் எதுவும் இல்லாமல். கேஸ் கெட்டுப்போய் வேறு ஒன்றை வாங்கி, ஆவணத்தோடு ஒத்துப்போகட்டும் என்று பழைய எண்ணை அதில் அடித்திருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லாமலேகூடச் செய்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் மொரிஸ் மைனருக்கு மூன்று முறை இன்ஜின் மாற்றினார்கள். அது மாமாவின் வண்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காக நண்பர் செய்யவில்லை என்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அன்று சொன்னதற்கும் ஆதாரம் இல்லை, இப்போது நினைப்பதற்கும் ஒரு ரசீது வரியைத் தவிர ஆதாரம் இல்லை. மறுபடியும் போய் ஏதாவது சொல்வது அவருக்காகவா, எனக்குத் தூக்கம் வருவதற்காகவா என்று இரண்டு வாரம் குழம்பினேன். வண்டியை மதிப்பிடக் கூப்பிட்ட இடத்தில் இறந்துபோன ஒரு மனிதரையும் சேர்த்து மதிப்பிட்டுவிட்டு வந்தேன். அதைத் திருத்தாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடிதம் எழுதினேன். ரசீதின் அந்த வரியைக் குறிப்பிட்டு, விலை வரலாற்றைச் சொல்லி, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று எழுதினேன். பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

"அன்று நீங்கள் சொன்னது ஊகமா, இப்போது எழுதியிருப்பது ஊகமா?"

"இரண்டும்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பட்டறையை நடத்தியவரும் போன ஆண்டு இறந்துவிட்டார் என்றார். அடுத்த மதிப்பீடு எப்போது என்று கேட்டார். வசந்தத்தில் வருகிறேன் என்றேன். சுவரில் அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.