ஒரு கண் மட்டும் வெள்ளை

டைம்லைனில் ஒரு பிறந்தநாள் போட்டோ. ஃபிளாஷில் குழந்தையின் ஒரு கண் சிவப்பு, இன்னொன்று வெள்ளை.

வெளிச்சம் விழுந்த கோணமாகவும் இருக்கலாம். ஆனாலும் கண் டாக்டரிடம் உடனே காட்டிவிடணும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

48 கேஸ்களை வைத்து, இது வர மரபணுவில் இரண்டு அடி விழணும் என்று 1971இல் சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன். வெறும் கணக்குதான்!

அதை டிஎன்ஏவில் பிடித்தது 1983இல், மூலக்கூறு உயிரியலாளர் வெப்ஸ்டர் கேவனியின் குழு.

ஒரே குழந்தையின் ரத்த டிஎன்ஏ, கட்டி டிஎன்ஏ. இரண்டையும் நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓட்டி, அருகருகே பார்த்தார்கள். 13ஆம் குரோமோசோம் இடத்தில் ரத்தத்தில் இரண்டு பட்டை (அம்மா தந்த பிரதிக்கு ஒன்று, அப்பா தந்ததற்கு ஒன்று), கட்டியில் ஒன்றுதான். மிச்சமிருந்த நல்ல பிரதியும் காணோம்.

வழுக்குகிற இடம்: கட்டியோடு நல்ல திசு கலந்துவிட்டால் இரண்டாம் பட்டை மங்கலாய் எட்டிப் பார்க்கும். ரத்தத்திலேயே ஒரே பட்டை என்றால், அந்தச் சோதனை அந்தக் குழந்தைக்கு எதையும் சொல்லாது.

அந்த இரண்டு அடியும் விழுகிற ஆர்பி1 மரபணு கையில் சிக்க 1986 ஆனது.

இன்றைக்கு அதில் பழுது எங்கே என்று தெரிந்தால், தம்பி தங்கைக்கும் ரத்தத்தில் பார்த்துவிடலாம். அவர்களுக்கு அந்தப் பழுது இல்லையென்றால், மயக்கமருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண் பார்க்கிற வேலை மிச்சம்.